ஜிம்மா, பர்சனல் ட்ரெய்னரா? 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு!

கொல்லிமலை செம்மேட்டில் பஸ் ஏறினால் காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். அதன்பிறகு சேந்தமங்கலம் தாண்டி நாமக்கல். சுமார் 55 கிலோமீட்டர். போக, வர என்று பார்த்தால் அரை நாள் காலி. இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு, "ஜிம்முல சேரலாமா, இல்ல தனியா ட்ரெய்னர் வச்சுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டால், தெருவுக்கு ஒரு ஜிம் இருக்கும் சென்னைவாசிக்குச் சொல்லும் பதிலையே அவருக்கும் சொல்லிவிட முடியாது.

கேட்பவர்களும் ஒரே ரகம் இல்லை. படிப்புக்காகவோ வேலைக்காகவோ நாமக்கல்லிலும் சேலத்திலும் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் உண்டு. போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் உண்டு. "வெயிட்டைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டதால் யோசிக்கத் தொடங்கிய 45 வயதுக்காரர்களும் உண்டு. மூன்று பேருக்கும் மூன்று பதில்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கமர்ஷியல் ஜிம்மில் நீங்கள் வாங்குவது இடமும் மெஷினும்தான். காலை முதல் இரவு வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஃப்ளோர் ட்ரெய்னர் ஒருவர் இருப்பார். ஆனால் அவர் ஒரே நேரத்தில் இருபது பேரைப் பார்த்தாக வேண்டும். முதல் வாரம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார். இரண்டாவது வாரத்தில் இருந்து நீங்களும் கண்ணாடியும்தான்.

பர்சனல் ட்ரெய்னிங் ஸ்டுடியோ என்பது சின்ன இடம். அப்பாயின்ட்மென்ட் வாங்கித்தான் போக முடியும். அந்த ஒரு மணி நேரம் ட்ரெய்னர் உங்களை மட்டும், அல்லது உங்களோடு சேர்த்து இரண்டு மூன்று பேரை மட்டும் பார்ப்பார். ஒரு செஷனுக்கு இவ்வளவு என்று கட்டணம். நீங்கள் வராவிட்டால் "என்னாச்சு?" என்று போன் வரும்.

இந்த போன் சின்ன விஷயம் இல்லை. ஆண்டுக் கட்டணம் வாங்கிவிட்ட ஜிம்முக்கு நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் வருமானம் ஒன்றுதான். சொல்லப்போனால், பணம் கட்டிய எல்லோரும் தினமும் வந்தால் பல ஜிம்களில் நிற்க இடம் இருக்காது. ஸ்டுடியோக்காரருக்கு அப்படி இல்லை. நீங்கள் வருவதை நிறுத்தினால் அடுத்த மாத பேக்கேஜ் போய்விடும்.

போகாத ஜிம்முக்கு எவ்வளவு கட்டுகிறோம்?

இதை எண்ணிப் பார்த்தே சொன்ன ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், 3 ஜிம்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் மூன்றாண்டு வருகைப் பதிவை ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போயிருந்தார்கள். அதாவது ஒரு முறை போக 17 டாலருக்கு மேல் செலவு. அதே ஜிம்மில் 10 முறைக்கான பாஸ் வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். கட்டும்போது எல்லோருக்கும் "தினமும் போவேன்" என்ற நினைப்பு. ஊர் வேறானாலும் மனசு ஒன்றுதான் போல.

இப்போது நம் கணக்கு. இது உதாரணம்தான், உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12 நாள் போனால் ஆண்டுக்கு 144 நாள். ஒரு நாளைக்கு சுமார் 83 ரூபாய். மாதம் 4 நாள்தான் போகிறீர்கள் என்றால் அது 250 ரூபாய் ஆகிவிடும். ஸ்டுடியோவில் ஒரு செஷன் 500 ரூபாய் என்றால், அதே 12,000 ரூபாய்க்கு 24 செஷன். வாரம் இரண்டு வீதம் மூன்று மாதம்.

ஒரு வருஷமா, மூன்று மாசமா என்று மேலோட்டமாகப் பார்த்தால் ஜிம் மலிவு. ஆனால் செம்மேட்டில் இருந்து இறங்கி வருபவர் பஸ் டிக்கெட்டையும், அரை நாள் கூலியையும் இதோடு கூட்ட வேண்டும். அப்படிக் கூட்டினால் ஆண்டுக் கட்டணம் என்பதே அவருக்கு அர்த்தமில்லாமல் போகும். வாரத்துக்கு மூன்று நாள் மலை இறங்கி ஜிம்முக்குப் போய் வருவது நடக்கிற காரியம் இல்லை. அவர் செய்யக்கூடியது வேறு. நாமக்கல் சந்தைக்கோ பேங்க் வேலைக்கோ வரும் நாட்களில், மாதம் இரண்டு செஷன் மட்டும் ஒரு நல்ல ட்ரெய்னரிடம் போகலாம். பயிற்சியைக் கற்றுக்கொண்டு, வீட்டில் செய்து, போனில் வீடியோ எடுத்து அனுப்பித் திருத்திக்கொள்ளலாம். இதற்கு ஒத்துக்கொள்ளும் ட்ரெய்னரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கீழே டவுனில் தங்கியிருப்பவருக்கு நிலைமை தலைகீழ். ஜிம் நடக்கிற தூரத்தில் இருந்து, பயிற்சியின் அடிப்படையும் தெரிந்திருந்தால், ஸ்டுடியோவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்தான். அடிப்படை தெரியாதவர் முதல் மாதம் மட்டும் ஆறேழு செஷன் ட்ரெய்னரிடம் கற்றுக்கொண்டு, பிறகு சாதாரண ஜிம்முக்கு மாறிக்கொள்ளலாம். எந்தப் பக்கமும் இதை விளம்பரம் செய்யமாட்டார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகும் வழி இதுதான்.

ஜிஎஸ்டி எவ்வளவு?

ஜிம், யோகா மையங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதத்தில் இருந்து 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. 12,000 ரூபாய்க்கு முன்பு வரியோடு 14,160 கட்ட வேண்டும். இப்போது 12,600. பழைய பில் புத்தகத்தை வைத்துக்கொண்டு 18 சதவிகிதம் போட்டால் தயங்காமல் கேளுங்கள். வரி குறைந்தும் மொத்தத் தொகை குறையவில்லை என்றால், அடிப்படைக் கட்டணத்தை ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சின்ன ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவே செய்திருக்கமாட்டார்கள். பதிவு எண் இல்லாதவர் உங்களிடம் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது.

ட்ரெய்னர் படித்தவர்தானா?

டாக்டர், வக்கீல் போல ட்ரெய்னருக்குக் கட்டாயப் பதிவு எதுவும் நம் ஊரில் இல்லை. நல்ல உடம்பு இருந்தால் பெயர்ப்பலகை மாட்டிவிடலாம். அதனால் சோதித்துப் பார்ப்பது நம் வேலை. என்ன சான்றிதழ், எந்த ஆண்டு வாங்கியது என்று கேளுங்கள். மயங்கி விழுந்தவருக்கு சிபிஆர் கொடுக்கத் தெரியுமா என்றும் கேளுங்கள். அதைவிட முக்கியம், முதல் நாள் அவர் உங்களைக் கேட்கும் கேள்விகள். பிபி, சுகர், பழைய அடி, ஆபரேஷன், சாப்பிடும் மாத்திரை என்று எதையும் கேட்காமல் நேராக வெயிட்டைத் தூக்கச் சொல்பவரிடம் இருந்து கிளம்பிவிடுவது நல்லது.

கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29-ல் உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சுவலி ஏற்பட்டு இறந்தபோது, ஜிம்முக்குப் போவதே ஆபத்து என்ற பேச்சு கிளம்பியது. அப்படிச் சொல்வது சரியில்லை. ஆனால் 40 வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் சேரும் முன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். பிபி, சுகர் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

சேர்ந்த இரண்டாவது வாரமே புரோட்டீன் டப்பா விற்க ஆரம்பிக்கிறார்களா? ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலிலேயே, உடம்பை ஏற்ற புரோட்டீன் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ஸ்டுடியோ என்பது மூடிய சின்ன அறை, எதிரில் ஒரே ஆள். பெண் ட்ரெய்னர் இருக்கிறாரா, அந்த நேரத்தில் வேறு யார் இருப்பார்கள், கூட ஒருவரை அழைத்து வரலாமா என்று கேட்பதில் சங்கடமே வேண்டாம். தொட்டுத் திருத்தும் முன் அனுமதி கேட்காதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

போலீஸ் தேர்வுக்கு எது உதவும்?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில். அதன்பிறகு ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், தாண்டுதல், மறுபடி ஓட்டம். பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், ஓட்டம். இதில் எத்தனை விஷயம் ஏசி ஜிம்மில் கிடைக்கும்? ட்ரெட்மில் இருக்கும். கயிறு பெரும்பாலும் இருக்காது. மண் தரை இருக்கவே இருக்காது.

1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க மணிக்குக் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதை ஓடித்தான் பழக வேண்டும், மைதானத்தில். செம்மேட்டுப் பையனுக்குப் பள்ளி மைதானமும், ஒரு ஸ்டாப் வாட்ச்சும், உறுதியான மரக்கிளையில் கட்டிய கயிறும் ஜிம்மைவிட அதிகம் உதவும். மலையில் ஏறி இறங்கி வளர்ந்தவருக்குக் கால் ஏற்கெனவே பழகியிருக்கும். கயிறு கேட்பது கையையும் முதுகையும். வில்லுக்குப் பேர்போன வல்வில் ஓரியின் சிலை நிற்கும் ஊர் இது. கை பலத்தைப் பற்றி அங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 167 செ.மீ. என்பது விதி. உயரத்தை எந்த ட்ரெய்னராலும் கூட்ட முடியாது. "மூணு மாசத்துல ஹைட் ஏத்தித் தர்றோம்" என்று பேக்கேஜ் விற்றால் நம்ப வேண்டாம். முதலில் அளந்து பாருங்கள், பிறகு பணம் கட்டுங்கள்.

முட்டிவலியோடு எடை குறைக்க நினைப்பவருக்கு?

இங்கேதான் ஸ்டுடியோ கொடுக்கும் காசுக்கு ஈடாகிறது. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போனவர்களுக்குத் தெரியும், ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி நடுங்கும். இறங்கும்போது முட்டியில் விழும் பாரம் அதிகம். இப்படி வலி உள்ளவர், சுகர் உள்ளவர், பிரசவம் முடிந்தவர், ஆபரேஷன் ஆனவர் கூட்டமான ஜிம்மில் யூடியூப் பார்த்துப் பழகுவது சரிவராது. டாக்டர் அல்லது பிசியோதெரபிஸ்ட் சொன்னதைப் பின்பற்றும் ட்ரெய்னரிடம் சில வாரமாவது போக வேண்டும்.

வலியும் நோயும் இல்லாதவர் இரண்டுக்குமே போகாமல் இருக்கலாம். வாரம் 150 நிமிடமாவது வேக நடை போன்ற உடற்பயிற்சி, இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் கேட்பது இவ்வளவுதான். மிளகுத் தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்பவர் முதல் பாதியை ஏற்கெனவே தாண்டியிருப்பார். கடையிலும் ஆபீஸிலும் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் யோசனை தேவை.

பாதியில் நின்றால் பணம் திரும்புமா?

சேரும் முன் படிவத்தைப் படியுங்கள். உடம்பு சரியில்லாவிட்டால் மெம்பர்ஷிப்பை நிறுத்தி வைக்க முடியுமா? செஷனை எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும்? பஸ் வராமல் செஷன் தவறினால் அது கணக்கில் கழியுமா? மழையில் மலைப்பாதை மூடும் ஊர்க்காரருக்குக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மாதாமாதம் கட்ட முடிந்தால், ஆண்டுச் சலுகையை விட்டுவிடுங்கள்.

உங்கள் விருப்பத்துக்கு நின்றுவிட்டால் பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஜிம்மையே மூடிவிட்டார்கள், சொன்ன ட்ரெய்னரைத் தரவில்லை, மெஷின் மாதக்கணக்கில் பழுது என்றால் அது சேவைக் குறைபாடு. ரசீதில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருப்பதாலேயே அவர்கள் தப்பிவிட முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். ஜிம் சேலத்தில் இருந்தாலும் செம்மேட்டுக்காரர் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்னை நடந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் தர வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து பாருங்கள். தமிழிலும் பேசலாம். பேசும்போது ரசீதும், பணம் அனுப்பிய யுபிஐ விவரமும் கையில் இருக்கட்டும்.