மகவு வளர்த்தலும் கணினிக் கல்வியும்

முன்னோர் வகுத்த அறங்கள் முப்பத்திரண்டு என்பர். காஞ்சியில் காமாட்சியம்மை இருநாழி நெல் கொண்டு அவ்வறங்களை வளர்த்தாள் என்பது வரலாறு. அவற்றுள் அறவைச் சோறு என்பது ஒன்று. மகவு வளர்த்தல் என்பது மற்றொன்று. அறவை என்னும் சொல் துணையற்றவரைக் குறிக்கும். துணையற்றவருக்குச் சோறிடுதலையும் மகவு வளர்த்தலையும் ஒன்றாக்காமல் தனித்தனி அறங்களாக எண்ணியதன் நுட்பம் கருதத்தக்கது. இட்ட சோறு அன்றைய பசியோடு முடியும். வளர்த்தலோ, வளர்ந்த மகவு தன் காலில் நிற்குமளவும் முடிவதன்று.

பெற்றோரை இழந்தோ, பெற்றோர் இருந்தும் பேணுவாரின்றியோ இல்லங்களில் வளரும் பெண்மக்கள் பலர். அரசும் தொண்டு நிறுவனங்களும் அவ்வில்லங்களை நடத்துகின்றன. தமிழகத் திருக்கோயில்கள் சிலவற்றின் சார்பிலும் கருணை இல்லங்கள் நடைபெற்று வருகின்றன. பிறந்தநாள், மணநாள், நீத்தார் நினைவுநாள் ஆகியவற்றில் அங்குச் சென்று ஒருவேளை உணவளித்து வருவது அன்பர்கள் பலரின் வழக்கம். நல்வழக்கமே. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மூன்று குடும்பத்தார் இனிப்போடு ஒருங்கே வந்து நிற்பதும், திங்கட்கிழமை மாலையில் பாடம் சொல்லித்தர ஒருவரும் இல்லாதிருப்பதும் ஓர் இல்லத்திலேயே நிகழக்கூடும்.

இல்லத்துப் பெண்ணுக்கும் வீட்டுப் பெண்ணுக்கும் உள்ள பெரிய வேறுபாடு உணவிலும் உடையிலும் இல்லை, நாட்காட்டியில் உள்ளது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிறைவடைந்தவர் குழந்தை என்னும் வரையறையிலிருந்து நீங்குகிறார். எனவே குழந்தைகள் இல்லத்திலிருந்தும் வெளியேற வேண்டியவராகிறார். அதன்பின் 21 வயது வரை பிற்காப்பு என்னும் உதவிக்கு அச்சட்டம் இடந்தருகிறது; சிறப்பு நேர்வுகளில் 23 வயது வரை அதனை நீட்டிக்கலாம் என்பது 2016ஆம் ஆண்டின் மாதிரி விதி. வீட்டில் வளரும் பெண் ஒரு தேர்வில் தவறினால் அடுத்த ஆண்டு எழுதிக்கொள்ளலாம். அதுவரை அவள் பாயும் தலையணையும் அவளுக்கு உண்டு. இல்லத்துப் பெண்ணுக்கு அவ்வாறு தவறுவதற்கான காலம் மிகக் குறைவு. பதினைந்து வயதினளுக்கு எஞ்சியவை மூன்றாண்டுகளே. எந்தக் கல்வி அவளுக்கு உதவும் என்னும் வினாவை அம்மூன்றாண்டுகளிலிருந்து பின்னோக்கி எண்ணியே ஆராய வேண்டும்.

இக்கவலை புதியதன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1930களின் தொடக்கத்தில் சென்னையில் ஔவை இல்லத்தை நிறுவினார். தேவதாசி மரபிலிருந்து விடுபட்டுத் தம்மை நாடி வந்த சிறுமியருக்கு விடுதிகளில் இடம் கிடைக்காமையே அதற்குக் காரணமாயிற்று. அடைக்கலத்தோடு நில்லாமல் கல்வியும் கைத்தொழிலும் அளித்தது அவ்வில்லத்தின் சிறப்பு. பிற்காலத்து இல்லங்கள் பலவற்றில் தையற்பொறியும், அதன்பின் தட்டச்சுப்பொறியும் இடம்பெற்றன. தட்டச்சில் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளில் தேறியவள் எந்த ஊர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்னும் நிலை நெடுங்காலம் இருந்தது. இன்று அவ்விடத்தில் கணினி அமர்ந்துள்ளது. கடைக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேடு, இ-சேவை மைய விண்ணப்பம் யாவும் அதன்வழியே நிகழ்வதால், விசைப்பலகை பழகாத கை இன்று எழுதப் பழகாத கையைப் போன்றதே.

கணினியை இயக்குதல் ஒன்று. அதற்கு நிரல் எழுதுதல் வேறொன்று. நிரல் என்பது நிரலாக, அதாவது வரிசையாக, அமைந்த கட்டளைத் தொகுதி. இது பொறியியல் பயின்றோர்க்கே உரியது என அஞ்சுவோர் உளர். தமிழ் இலக்கணம் சிறிது கற்ற சிறுமிக்கு இதனை எளிதில் உணர்த்தலாம். 1999ஆம் ஆண்டில் வரையறுக்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையே அதற்குத் தக்க சான்று. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்தும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்தும் அமைந்துள்ளன. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளால் 247 எழுத்துகளும் பிறக்கின்றன. ககர விசையை அழுத்தி இகர விசையை அழுத்தினால் ‘கி’ தோன்றும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆதல் என்று வகுப்பறையில் மனப்பாடம் செய்தது இங்கே விரல்நுனியில் நிகழ்கிறது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. ‘பந்து’ என்று எழுத விரும்பும் சிறுமி ப, ந, த, உ என்னும் நான்கு விசைகளை மட்டுமே அழுத்துகிறாள். நகரத்தின் மேல் புள்ளியை அவள் இடவில்லை, பொறி இட்டுவிடுகிறது. எவ்வாறு? நகரத்தை அடுத்து அதன் இனவெழுத்தாகிய தகரம் வந்தால் முன்னதற்குப் புள்ளி இடுக என்னும் விதியை ஒருவர் முன்னரே நிரலாக எழுதி வைத்துள்ளார். ங-க, ஞ-ச, ண-ட, ம-ப, ன-ற இணைகளுக்கும் அவ்விதியே. ஒரே மெய் இருமுறை வரின் முதலாவதற்குப் புள்ளி என்பது மற்றொரு விதி. அதனால் அ, ம, ம, ஆ என அழுத்த ‘அம்மா’ வருகிறது. ‘இன்னது வரின் இன்னது செய்க, வாராவிடின் விடுக’ என்னும் இவ்வமைப்பே நிரலின் உயிர்நாடி. ஒரு சொல்லும் மிகாமலும் குறையாமலும் ஐயத்துக்கு இடமின்றியும் யாக்கப்படும் நூற்பாவுக்கும் நல்ல நிரலுக்கும் உள்ள உறவு அணுக்கமானது. இலக்கண ஆசிரியர்கள் இதனை இன்னும் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு குறையே.

சிறுவர்க்கெனவே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளில், கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் தோன்றும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் படம் நகரும், ஒலிக்கும். அது விலையின்றிக் கிடைப்பது. கணினியில் நிறுவிக்கொண்டால் இணைய இணைப்பின்றியும் இயங்குவது. முத்தையா அண்ணாமலை என்பார் உருவாக்கிய எழில் என்னும் நிரல்மொழியில் பதிப்பி, ஆனால், இல்லை, முடி எனத் தமிழ்ச் சொற்களே கட்டளைகள். அங்கு ‘ஆனால்’ என்பது ‘ஆயின்’ என்னும் பழம்பொருளிலேயே வருதல் நோக்கத்தக்கது. பின்னர்ப் பைத்தான் போன்ற மொழிக்குச் செல்லலாம். ஆங்கிலம் வாராதே எனத் தமிழ்வழியில் பயிலும் பெண் தயங்கினால், அம்மொழியில் ஒதுக்கப்பட்ட கட்டளைச் சொற்கள் 35 மட்டுமே என்று காட்டலாம்.

நிரல் கற்ற பெண்கள் யாவரும் மென்பொருள் நிறுவனங்களில் அமர்வர் என்று கூறுதல் உண்மையாகாது. சிலர் கணக்கு மென்பொருள் கற்றுக் கடைகளில் சேர்வர். சிலர் மேற்கல்விக்குச் செல்வர். சிலர்க்கு இத்துறை பிடிக்காமலும் போகும். ஆயினும் ஒரு பயன் யாவர்க்கும் உண்டு. நிரலில் பிழை நேர்ந்தால் பொறி சினப்பதில்லை. ‘நீ யார் பெண்?’ என்று வினவுவதுமில்லை. இத்தனையாம் வரியில் பிழை என்று மட்டும் கூறும். அவள் திருத்துகிறாள், மீண்டும் இயக்குகிறாள். பிழை செய்தால் பழி வரும் என அஞ்சி வளர்ந்த உள்ளத்துக்கு இது சிறிய பாடமன்று.

இனி, இம்முயற்சி பழுதுபடும் இடங்கள் சில. பழைய கணினி பத்தினைக் கொடையாக அளித்துவிட்டுச் செல்வர். பழுது பார்ப்பார் இன்றி ஓராண்டில் அவ்வறை பூட்டப்படும். ஒரே கணினியைச் சுற்றி எண்மர் அமர்ந்தால் ஒருத்தி கற்பாள், எழுவர் பார்ப்பர். அவரவர் கைக்கு அரைமணியேனும் கிடைக்குமாறு முறை வகுத்தால் இரண்டு கணினிகளே நற்பயன் தரும். எல்லாவற்றினும் பெரிய தீங்கு, ஆர்வத்தோடு வந்த ஆசிரியர் இரண்டு மாதத்தில் சொல்லாமலே நின்றுவிடுவது. முன்னரே ஒருவரால் கைவிடப்பட்ட குழந்தை அதனைப் பாடம் நின்றதாக மட்டும் கொள்ளாது. ஓராண்டு வர இயலாதவர் தொடங்காமல் இருப்பதே நன்று. பழுது பார்க்கும் செலவையோ, ஊதியம் பெறும் ஆசிரியர் ஒருவரின் சம்பளத்தில் ஒரு பகுதியையோ அவர் ஏற்கலாம். கற்பிக்க விழைவோர் இல்லப் பொறுப்பாளரையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ அணுகி, முறையான இசைவு பெற்ற பின்னரே உள்ளே செல்ல வேண்டும்.

நிரலுக்கு முன்னரே கற்பிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. இல்லத்தை விட்டு நீங்கும் பெண்ணின் செல்வம் அவள் சான்றிதழ்களே. 2015இல் அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியல் முதலியவற்றைப் பெற்று வைத்தால், பெட்டி தொலைந்தாலும் அவை தொலையா. ஆனால் அதனைத் திறக்கவும் ஆதார் சார்ந்த பணிகள் பலவற்றுக்கும் ஒருமுறைக் கடவெண் கைப்பேசிக்கு வரும். பதிவில் இருப்பது இல்லப் பொறுப்பாளரின் எண்ணாயின், பெண் வெளியூரில் வரிசையில் நிற்க, கடவெண் இல்லத்து மேசையில் ஒலிக்கும். பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முன்னரே தன் பெயரில் எண், தன் மின்னஞ்சல், தானே அறிந்த கடவுச்சொல் ஆகியன அவளுக்கு அமைய வேண்டும். அக்கடவெண்ணை யார் கேட்பினும் கூறலாகாது என்பதும், இணையவழிப் பண மோசடி நேர்ந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்கலாம் என்பதும், எச்சரிக்கத் தாய் அருகில் இல்லாதவளுக்கு முதற்பாடமாகும்.

கணினி வழங்கும் நாளில் சிறுமியரை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து வெளியிடும் வழக்கம் பரவியுள்ளது. பராமரிப்பில் உள்ள குழந்தையின் பெயரையோ, பள்ளியையோ, படத்தையோ, அடையாளம் காட்டும் வேறெதனையுமோ ஊடகங்களில் வெளியிடுவதை அச்சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. மீறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். கணினியை மட்டும் படமெடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.