மணி ஒலித்தால் போதுமா?

பள்ளி வாழ்க்கை மணியோசையோடு பிணைந்தது. வகுப்புத் தொடங்க ஒரு மணி, செபத்துக்கு ஒரு மணி, இடைவேளைக்கு ஒரு மணி, வீடு திரும்ப ஒரு மணி. கடைசி மணி நம் காதில் விழாமல் போனதாக வரலாறே இல்லை! ஆனால், வீணாக ஒரு நாளும் ஒலிக்கக் கூடாது, ஒலிக்க வேண்டிய வேளையில் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது என்ற நிலையில் உள்ள மணி ஒன்று உண்டு. அதுவே தீ அபாய மணி. அதை எங்கே வைக்க வேண்டும், யார் அடிக்கலாம், அதன் ஓசை யாருக்குக் கேட்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஊருக்கு ஊர் விதிகள் உண்டு. அவை ஏன் தேவை என்பதை இங்கே காண்போம்.

மணியின் உறுப்புகள்

தீ மணி என்பது ஒரு மணி மட்டுமன்று. முதலில், ஆபத்தை உணரும் உறுப்பு வேண்டும். கூரையில் வட்டமாகத் தெரியும் கருவியின் உள்ளே ஒரு சிறு ஒளிக்கதிர் ஓடிக்கொண்டிருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறும். சிதறிய ஒளி பக்கத்திலுள்ள உணர்கருவியில் படும். உடனே மின்செய்தி பிறக்கும். வெப்பத்தை உணரும் கருவிகளும் உண்டு. சுவரில் கண்ணாடி பதித்த சிவப்புப் பெட்டி, தீயைக் கண்ட மனிதர் அழுத்துவதற்கு. இரண்டாவது, எந்த இடத்தில் ஆபத்து என்று காட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி. மூன்றாவது, கட்டடம் முழுவதும் கேட்கும் ஒலிப்பான்.

இவற்றோடு நான்காவது ஒன்றும் வேண்டும். அது தீயணைப்பு நிலையத்துக்குச் செய்தி போகும் வழி. 1852ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தெருக்களில் பெட்டிகள் அமைத்து, தந்திக் கம்பி வழியாகத் தீச்செய்தி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்த நான்காவது உறுப்பு இல்லாமற் போனதால் நேர்ந்த துயரம்தான் அடுத்து வருவது.

சிகாகோவில் ஒரு திங்கட்கிழமை

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 'சம்மனசுகளின் மாதா' பள்ளி என்று ஒரு கத்தோலிக்கப் பள்ளி இருந்தது. கன்னியர் பாடம் நடத்திய பள்ளி. 1958 டிசம்பர் 1ஆம் நாள், மாலை மூன்று மணிக்குப் பள்ளி விட வேண்டும். அதற்குச் சற்று முன், நிலவறையில் மாடிப்படியின் அடியிலிருந்த குப்பைப் பீப்பாயில் தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு ஒரு கதவு இருந்தது. அது தீயைத் தடுத்தது. மேல்தளத்தில் கதவு இல்லை. புகையும் அனலும் புகைபோக்கியில் ஏறுவதுபோல நேராக மேலே ஏறி, நடைவழியை நிரப்பின.

அங்கே புகையை உணரும் கருவி இல்லை; தானே நீர் தெளிக்கும் குழாய்களும் இல்லை. தலைமைக் கன்னியரின் அனுமதி இல்லாமல் மணியை இயக்கக் கூடாது என்பது பள்ளியின் வழக்கம். புகையைக் கண்ட ஓர் ஆசிரியை அவரைத் தேடி அலுவலகம் சென்றார். அவரோ அன்று வேறோர் ஆசிரியைக்குப் பதிலாக வகுப்பில் இருந்தார். பின்னர் மணியை இயக்கியபோது அது முதலில் ஒலிக்கவில்லை. மறுபடி இயக்கிய பிறகே ஒலித்தது. ஒலித்தும் என்ன பயன்? அந்த ஓசை பள்ளிக்குள் மட்டுமே கேட்டது. தீயணைப்பு நிலையத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மிக அருகிலிருந்த தெருப் பெட்டியும் இரண்டு தெரு தள்ளி இருந்தது. தொலைபேசியில் நிலையத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது மேல்தளத்தில் நடைவழி அடைபட்டுவிட்டது. வீரர்கள் ஏணி வைத்துப் பலரை மீட்டார்கள். ஆயினும் 92 குழந்தைகளும் 3 கன்னியரும் உயிரிழந்தனர்.

சட்டம் எங்கே போயிற்று?

சிகாகோவில் சட்டமே இல்லையா என்று நாம் கேட்கலாம். இருந்தது. 1949ஆம் ஆண்டின் நகர விதிகள் பள்ளிகளுக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகளை வற்புறுத்தின. ஆனால் அவை புதிதாகக் கட்டும் கட்டடங்களுக்கு மட்டுமே! முன்பே கட்டிய பள்ளிகளுக்கு விலக்கு. அதனால்தான் விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த சோதனையில்கூட அந்தப் பள்ளி தேறியது. தீக்குப் பழைய கட்டடம், புதிய கட்டடம் என்ற வேற்றுமை தெரியுமா? பழைய மரப்படியை அது இன்னும் விரும்பி அல்லவா உண்ணும்!

துயரத்துக்குப் பின் விதிகள் மாறின. பள்ளியின் முன்வாசலிலிருந்து 100 அடிக்குள் தீப்பெட்டி, அதாவது தீயணைப்பு நிலையத்தை அழைக்கும் தெருப் பெட்டி, இருக்க வேண்டும் என்றும், பள்ளிக்குள் அடிக்கும் மணி அதனோடு இணைய வேண்டும் என்றும் ஆயிற்று.

திருட்டு மணி

திருடனைக் காட்டிக்கொடுக்கும் மணிக்கும் விதிகள் உண்டு. காற்றில் கதவு ஆடினாலும், வீட்டுக்காரரே மறதியாக உள்ளே நுழைந்தாலும் அது அலறும். "புலி வருது, புலி வருது" என்று கத்திய சிறுவனின் கதைதான். ஓடி ஓடிச் சலித்த சால்ட் லேக் நகரக் காவல் துறைக்காக 2000ஆம் ஆண்டில் ஒரு விதி வந்தது. திருட்டு மணி அடித்தால் ஒருவர் நேரில் பார்த்து உறுதி சொன்ன பிறகே காவலர் வருவர். தீ மணிக்கு அவ்விதி இல்லை. தீ, யாரும் உறுதி சொல்லும் வரை காத்திராது.

நம் நாட்டில்

நாமும் இத்தகைய துயரத்தை அனுபவித்தவர்களே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், சமையலறையில் எழுந்த தீ பள்ளியின் ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதன் பின் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. புதிய பள்ளிகள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி பாதுகாப்பாக இருந்தால்தான் அங்கீகாரம். ஏற்கெனவே நடக்கும் பள்ளிகளும் ஆறு மாதத்துக்குள் தீயணைக்கும் கருவிகளை வைக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்றது. சிகாகோ விட்ட ஓட்டையை, 'ஏற்கெனவே நடக்கும் பள்ளிகளும்' என்ற சொற்கள் அடைக்கின்றன.

நம் கடமை

விதியை எழுதுவது பெரியவர்கள் வேலை என்று நாம் வாளாவிருக்கலாமா? மாடிப்படியின் கீழ் உடைந்த பெஞ்சையும் பழைய தாள்களையும் குவிக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. சிவப்புப் பெட்டியை விளையாட்டுக்கு அழுத்தாமல் இருப்பதும், தீப்பயிற்சி நாளில் சிரித்துப் பேசாமல் வரிசையில் நடப்பதும் நம் கையில். புகையைக் கண்டால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் குரல் கொடுக்கவும், 101 என்ற எண்ணைக் கூப்பிடவும் நாம் பழக வேண்டும். பெற்றோர்களும் பள்ளிக்கு வரும்போது மதிப்பெண்ணைக் கேட்பதோடு, "மேல்தளத்திலிருந்து இறங்க எத்தனை வழி?" என்றும் கேட்கலாம்.

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டிப் பயனில்லை. மணி ஒலித்தால் மட்டும் போதாது, தோழியரே! காலத்தில் ஒலிக்க வேண்டும். உதவ வல்லவர் காதில் விழ வேண்டும். கேட்ட நாம் உடனே எழ வேண்டும்.

– பத்தாம் வகுப்பு மாணவி