மூன்று வரியில் ஒரு ரூல்ஸ் கோப்பு

1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இயங்குதளத்தில், ஒரு மென்பொருளைப் பொதியாக்கும் வேலையை நடத்துவது 'ரூல்ஸ்' என்ற ஒரு கோப்பு. அது ஒரு மேக்ஃபைல்: எந்த இலக்குக்கு எந்தக் கட்டளைகள் ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்பு. துப்புரவு, தொகுப்பு, பொதி கட்டுதல் என எல்லாப் படிகளுக்கும் நுழைவாயில் அதுதான். அன்றும் அப்படியே, இன்றும் அப்படியே. மாறியிருப்பது அதனுள் இருக்கும் ஒழுங்கு.

தொண்ணூறுகளின் ரூல்ஸ் கோப்பு, பராமரிப்பவரின் கைப்பட எழுதியது. அடைவுகளை உருவாக்குவது, கோப்புகளை நகலெடுப்பது, உதவிப் பக்கங்களைச் சுருக்குவது, அனுமதிகளைச் சரிசெய்வது எல்லாம் வரிவரியாக அதில் இருக்கும். அமைப்புக் கோப்பில் ஒரு பாதையை மாற்ற வேண்டுமென்றால், தொகுப்பின் நடுவே உரையைத் திருத்தும் 'செட்' (sed) கட்டளை ஒன்று மூலநிரலையே திருத்திவிடும். துப்புரவுப் படிக்கு அந்தத் திருத்தம் தெரியாது. மறுபடி தொகுக்கும்போது அது மூலத்தில் செய்த மாற்றங்களைப் பதியும் ஒற்றை டிஃப் கோப்பில் சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். எது பிழைதிருத்தம், எது மிச்சக் குப்பை என்று அடுத்து வருபவர் தவித்துப்போவார்.

1997-இல் ஜோயி ஹெஸ் எழுதிய டெப்ஹெல்பர், இந்த அன்றாட வேலைகளை தனித்தனிக் கட்டளைகளாகப் பிரித்தது. 2008-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பு, அந்தக் கட்டளைகளை வரிசைப்படி ஓட்டும் 'டிஎச்' கருவியைத் தந்தது. இன்று பல பொதிகளின் ரூல்ஸ் கோப்பு மூன்றே வரி. வழக்கத்துக்கு மாறானதை மட்டும் நாம் எழுதுகிறோம். அதே பாதைத் திருத்தத்தை இப்போது, நிறுவும் படி முடிந்ததும் ஓடும் இலக்கில் வைத்து, நிறுவப்பட்ட நகலில் செய்யலாம். மூலநிரலில் கைபடாது. மூலத்தையே மாற்றத்தான் வேண்டுமென்றால், அதற்கென ஒரு தனி ஒட்டுக் கோப்பு, காரணத்தோடு, 'பேட்சஸ்' அடைவில் இருக்கும்.

இயந்திரக் கட்டமைப்பைச் சார்ந்த தொகுப்பையும் சாராததையும் தனி இலக்குகளாகப் பிரித்ததும், ஒவ்வொரு வேலையையும் அதற்குரிய படியில் வைக்கும் இதே நோக்கில்தான். ஆவணங்களை ஒவ்வொரு கட்டமைப்புக்கும் திரும்பத் திரும்ப உருவாக்க வேண்டியதில்லை.

சுருக்கத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. மூன்று வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமலே பொதி கட்டிவிட முடியும். டிஎச்-ஐ 'நோ-ஆக்ட்' விருப்பத்தோடு ஓட்டினால், எதையும் செய்யாமல் படிகளை மட்டும் பட்டியலிடும். புதிதாகப் பொதியாக்க வருபவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும். எழுதப்போகும் வரி எந்தப் படிக்கு உரியது என்று அறிந்து எழுதினால்தான், நம்மை அறியாத ஒருவர் நாளை அவசரப் பாதுகாப்புத் திருத்தத்தை அந்தப் பொதியில் தைரியமாகச் சேர்க்க முடியும்.