உங்களுக்குத் தெரியுமா? ஒரு நிமிடத்தில் தெரியும் வெள்ளைத் திட்டு

பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கவே நேரமில்லாத தென்காசிப் பெண்களுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்புச் சத்தை, தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், புற்றை நோக்கி மாறத் தொடங்கிய திசு வெள்ளைத் திட்டாகத் தெரியும். லேசாகக் காந்தும், அவ்வளவுதான்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்களே 31,343 பெண்களுக்கு இந்தச் சோதனையைச் செய்தார்கள். பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டதுதான் இதன் பலம். சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. இந்த முடிவை 2007-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது.

வெள்ளை தெரிந்தாலே புற்று என்று பதற வேண்டாம், மேல்சோதனை உண்டு. முப்பது தாண்டியவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மதினியையும் கூட்டிப் போங்கள்.