சீலிங் ஃபேன் சுத்தலையா? காயில் கட்டும் முன் இதைப் பாருங்கள்!

சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, இறக்கை நகரவில்லை. உடனே "மோட்டார் போச்சு, காயில் கட்டணும்" என்று ஃபேனைக் கழற்றிவிடுகிறோம். ஆனால், இந்த அறிகுறிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டன்சரைத்தான். அதை மாற்ற ஆகும் செலவு, காயில் கட்டும் செலவில் சிறு பகுதியே.

கண்டன்சருக்கு என்ன வேலை?

வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் கரன்ட்டில், ஒரே ஒரு காயிலை வைத்து மோட்டாரைத் தானாகச் சுழலவைக்க முடியாது. அதனால் உள்ளே ரன்னிங், ஸ்டார்ட்டிங் என இரண்டு காயில்கள் இருக்கும். ஸ்டார்ட்டிங் காயிலில் கரன்ட் பாயும் நேரத்தைக் கண்டன்சர் சற்று மாற்றுகிறது. அதனால்தான் சுழலும் காந்தப்புலம் உருவாகிறது. கண்டன்சரின் திறன் குறையக் குறைய ஃபேன் மெதுவாகும். ஒருநாள் நின்றேவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். வயரிங் மாறியிருந்தால், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஷாக் அடிக்கும்.

பிறகு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால், கோளாறு பெரும்பாலும் கண்டன்சரில். இறுக்கமாகவோ 'கரகர'வென்றோ சுற்றினால் பேரிங். புதுக்கடை, தேங்காப்பட்டணம் பக்கம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கடல் காற்றும், இரண்டு பருவமழைகளின் ஈரமும் இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். ஃபேனைத் தாங்கும் போல்ட்டையும், அதிலுள்ள பின்னையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சாயங்காலம் வீட்டிலுள்ள எல்லா ஃபேனும் மெதுவாக ஓடினால், காரணம் வோல்டேஜ் குறைவாக இருக்கலாம். ஒன்று மட்டும் மெதுவாக ஓடினால் கண்டன்சர், ரெகுலேட்டர் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

மாற்றும்போது...

பெரும்பாலான சீலிங் ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர்தான். பழையதில் அச்சிட்டிருக்கும் அதே அளவையே வாங்குங்கள். "பெருசு போட்டா ஸ்பீடா ஓடும்" என்று கூடுதல் அளவைப் போட்டால் காயில் சூடாகும். பழைய கண்டன்சரில் கரன்ட் தேங்கியிருக்கலாம் என்பதால், அதன் வயர் முனைகளை வெறுங்கையால் தொடாதீர்கள்.

எப்போது காயில் கட்டணும்?

கருகிய வாசம் வந்தாலோ, புதிய கண்டன்சர் போட்டும் ஓடாவிட்டாலோ காயிலைச் சோதிக்க வேண்டும். மோட்டாரின் மூன்று வயர்களை இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் அளந்தால் மூன்று ஓம் அளவுகள் கிடைக்கும். பெரிய அளவு, மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். மீட்டர் எதுவும் காட்டாவிட்டால், காயில் அறுந்திருக்கிறது. ஷாக் அடித்தாலோ, டிரிப் ஆனாலோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிஎல்டிசி ஃபேன்களுக்கு இந்தச் சோதனைகள் பொருந்தாது. அவை சர்க்யூட் போர்டில் இயங்குபவை.

ஒன்றை மறக்க வேண்டாம்: சத்தம் மட்டும் வந்து ஃபேன் சுத்தலைன்னா, 'கொஞ்ச நேரத்துல ஓடிரும்' என்று காத்திருக்காதீர்கள். சுழலாத மோட்டாரில் காயில் வேகமாகச் சூடாகும். கண்டன்சரோடு முடிய வேண்டிய செலவு, காயில் வரை போய்விடும்.