கமக்காரர் அமைப்பின் அனுபவ ஏடு

குளத்து நீரை நம்பி நெற்செய்கை பண்ணும் கிராமங்களில், எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் நீர் விட்டால் கடைசி வயலும் நனையும் என்பதைத் திட்டமாக அறிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். அவர் மூப்பினால் விலகினால் அல்லது காலமானால், அடுத்த போகத்தில் நீர்ப்பங்கீடு குழம்புகின்றது. வாய்க்காலின் கடைசியிலுள்ள பயிர், கதிர் தள்ளும் வேளையில் வாடுகின்றது. குளத்தில் நீர் இருந்தும், அதனைப் பங்கிடும் அறிவு ஊரில் இல்லாமற் போவதே இதற்குக் காரணமாகும். இவ்விழப்பைத் தவிர்க்கும் எளிய முறையொன்று கீழே விளக்கப்படுகின்றது.

எச்-4 நெல் காட்டும் பாடம்

1952 ஆம் ஆண்டில் குருநாகல் மாவட்டத்திலுள்ள பத்தலகொடையில் நெல் இனவிருத்தி நிலையம் நிறுவப்பட்டது. நம் கமக்காரர் வழிவழியாகப் பேணிய முருங்கக்காயன் நெல்லிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட முருங்கக்காயன் 302 உம், இந்தோனேசியாவின் மாஸ் இனமும் கலக்கப்பட்டுப் பிறந்த எச்-4, 1958 இல் கமக்காரருக்கு வழங்கப்பட்டது. எரிபந்த நோயைத் தாங்கும் இயல்பும் கூடிய விளைச்சலும் உடைய இவ்வினம் நாடெங்கும் பரவியது.

இனவிருத்தி பல போகங்கள் நீடிக்கும் வேலை. எச்சந்ததியில் எச்செடி நோய்க்கு ஆளாயிற்று, எது தப்பியது என்பன ஒவ்வொரு போகமும் குறிக்கப்படாவிடின் தெரிவு செய்தல் இயலாது. உத்தியோகத்தர் மாறலாம், குறிப்பேடு நிலையத்திலேயே இருத்தல் வேண்டும். கமக்காரர் அமைப்புக்கும் இது பொருந்தும்.

ஏட்டிற் குறிக்க வேண்டியவை

1. துருசு திறந்த நாள், அன்றைய குளத்து நீர்மட்டம், ஒவ்வொரு வாய்க்காலுக்கும் நீர் விட்ட முறையும் நாட்களும்.

2. விதைத்த இனம், அதன் வயது, விதை பெற்ற இடம், விதைத்த தேதி.

3. நோய் அல்லது பீடை முதலிற் காணப்பட்ட நாளும் வயலும், செய்த பரிகாரமும் அதன் பலனும்.

4. ஒவ்வொரு பகுதியிலும் கிடைத்த விளைச்சல்.

தோல்வியையும் எழுதுக

பலர் நல்ல விளைவை மாத்திரமே பிறருக்குக் கூறுவர். ஆயினும் தோல்வியைப் பற்றிய குறிப்பே அயலவரைக் காப்பாற்றும். உதாரணமாக, நெருக்கமாக விதைத்து யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்ட வயலிற் கபிலநிறத் தத்தி பெருகியதென எழுதிவைத்தால், மறு போகத்தில் ஏனையோர் பசளையை அளவோடு இடுவர். பயிரின் அடிப்பாகத்தை வேளைக்கே சோதிப்பர். வயலுக்குரியவரைக் குறைகூறும் வகையில் எழுதலாகாது. குறைகூறப்படுவோமென அஞ்சுபவர் உண்மையை மறைப்பார்.

எழுத்தில் அடங்காதவை

கரையில் நீர் கசியும் இடத்தை மண்ணின் நிறத்தால் அறிதல் போன்றவற்றைக் கண்ணாற் கண்டே பழக வேண்டும். ஆகையால், நீர் பங்கிடும் முதியவருடன் இளைஞர் ஒருவரை ஒரு முழுப் போகமும் கூடச் செல்ல ஏற்பாடு செய்க.

ஏட்டைப் பேணும் முறை

ஏட்டிற்கு இரு பிரதிகள் இருத்தல் நன்று. ஒன்று செயலாளரிடமும் மற்றொன்று வேறோர் அங்கத்தவரிடமும் இருக்கட்டும். செயலாளர் மாறும்போது, பணக்கணக்கைப் போலவே ஏட்டையும் சபை முன்னிலையில் ஒப்படைத்தல் வேண்டும். பெட்டியிற் பூட்டிய ஏட்டினால் எவருக்கும் பயனில்லை. போக ஆரம்பக் கூட்டத்தில், தீர்மானம் எடுக்குமுன், சென்ற போகத்துக் குறிப்புகளை யாவரும் கேட்க வாசிக்கவும். விவசாயப் போதனாசிரியருக்கும் அதனைக் காட்டுக. உங்கள் வயலிற் கண்டதை அவர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அறிவிக்கலாம். அங்கு கண்டறிந்ததை உங்களுக்கு விளக்கலாம்.

கமக்காரர்களே! விதைநெல்லை அடுத்த போகத்துக்கெனப் பத்திரப்படுத்துகிறீர்கள். அந்நெல்லை விளைவித்த அனுபவத்தையும் அவ்வாறே பத்திரப்படுத்துக. வரும் காலபோகத்தில் துருசு திறக்கும் நாளன்றே முதற் குறிப்பை எழுதத் தொடங்குங்கள்.