ராமானுஜன் பட்டியலில் விடுபட்டுப்போன எண்

இன்னிக்கு 13 இலக்கத்துல ஒரு எண்ணைப் பிரிச்சுப் பார்க்கப் போறோம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன எண்: 24.

தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கம்பெனி பஸ்ல போறவங்களுக்கு இது பழக்கமான எண். ஒரு நாளை எட்டு எட்டு மணி நேரமா பிரிச்சா மூணு ஷிஃப்ட். பன்னிரண்டு பன்னிரண்டா பிரிச்சா ரெண்டு. எதுலயும் மிச்சம் இல்ல. ஒரு நாளுக்கு 23 மணி நேரம்தான்னு வெச்சுக்கோங்க, ஷிஃப்ட் போடுறவர் பாடு திண்டாட்டம்தான்!

24-ஐ மீதியில்லாம வகுக்குற எண்கள், அதாவது காரணிகள், மொத்தம் எட்டு: 1, 2, 3, 4, 6, 8, 12, 24. இதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் எட்டு காரணி கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்ணையும்விட அதிகக் காரணி வெச்சிருக்கிற எண்ணை 'ஹைலி காம்போசிட் நம்பர்'னு சொல்வாங்க. தமிழ்ல மிகுபகு எண்னு வெச்சுக்கலாம்.

சென்னைத் துறைமுகத்துல கிளார்க்கா இருந்து, 1914-ல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன், 1915-ல் இந்த எண்களைப் பத்தி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். இந்த ஆய்வுக்குத்தான் 1916-ல் அவருக்கு அங்கே பி.ஏ. பட்டம் கிடைச்சது. கட்டுரையில 102 மிகுபகு எண்களோட பட்டியல் இருக்கு. கடைசி எண் 67,46,32,83,88,800.

இதுக்கு எத்தனை காரணி? ஒவ்வொண்ணா எண்ண வேண்டாம். 24-ஐப் பாருங்க: 2×2×2×3. ஒரு காரணி உருவாக்க, மூணு 2-ல எதையும் எடுக்காம விடலாம், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னும் எடுக்கலாம்: நாலு வழி. 3-ஐ எடுக்கலாம், விடலாம்: ரெண்டு வழி. 4×2=8. அவ்வளவுதான்.

நம்ம பெரிய எண்ணுல 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் ரெண்டு ரெண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை வருது. கணக்கு போட்டா 7×5×3×3×32, அதாவது 10,080 காரணிகள்.

பகா எண் பெருசாகப் பெருசாக, அது வர்ற தடவை கூடவே இல்ல, கவனிச்சீங்களா? ராமானுஜன் நிரூபிச்ச விதிகள்ல இதுவும் ஒண்ணு. காரணம் எளிசு. 3 அதிகமா, 2 கம்மியா வந்தா, ரெண்டையும் இடம் மாத்துங்க. காரணி எண்ணிக்கை அப்படியே இருக்கும், எண் சின்னதாயிடும். அப்போ பழைய எண் மிகுபகு எண்ணா இருக்க முடியாது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். அந்தப் பட்டியல்ல ஒரு எண் விடுபட்டுப் போச்சு: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல கையால போட்ட பட்டியல், நூத்துக்கும் மேல சரியா வந்து, ஒண்ணே ஒண்ணு நழுவிடுச்சு.

அது எங்கே இருக்கு தெரியுமா? அவரோட கடைசி எண்ணை 23-ஆல வகுங்க. அதேதான் வரும்! 23-ஐச் சேர்த்ததும் ஒவ்வொரு காரணிக்கும் ஒரு ஜோடி கிடைச்சு, 5,040 ரெண்டு மடங்காகி 10,080 ஆயிடுது.

போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு கணக்கு: 360-க்கு எத்தனை காரணி? 2×2×2×3×3×5. போட்டுப் பாருங்க, நாம ஆரம்பிச்ச எண்ணுலயே வந்து நிப்பீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!